அமைச்சர் பட்டியல்: பதவியேற்ற நாளா, இலாகா கிடைத்த நாளா?

வணக்கம் நண்பரே. 2024 மோடி அமைச்சரவை அட்டவணையில் எந்தத் தேதியைப் போடுவது, கூட்டினால் மொத்த அமைச்சர் எண்ணிக்கையான 72-ஐ ஏன் தாண்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

தேதிக்கு இரண்டு நெடுவரிசை வையுங்கள். பதவியேற்றது ஜூன் 9, இலாகா ஒதுக்கியது ஜூன் 10. நியமன நாள் முதலாவதுதான்.

எண்ணிக்கை எகிறுவதற்குக் காரணம், இலாகாவுக்கு ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். ஜெயந்த் சௌத்ரியைப் பாருங்கள்: திறன் மேம்பாட்டில் தனிப்பொறுப்பு (மேலே கேபினட் அமைச்சர் இல்லாமல் துறையை நடத்தும் இணை அமைச்சர்), கல்வியில் வெறும் இணை அமைச்சர். ஆள் ஒருவர், வரி இரண்டு! ஆளுக்கு ஒரு வரி என்று மாற்றினால் பிரதமர், கேபினட் 30, தனிப்பொறுப்பு 5, இணை அமைச்சர் 36, சரியாக 72 வரும்.

அப்புறம் உங்கள் அட்டவணையில் இருக்கும் 'தரவரிசை எண்' என்ற நெடுவரிசை. ராஜ்நாத் சிங், அமித் ஷா, கட்கரி என்பது உறுதிமொழி எடுத்த வரிசை. அரசியலமைப்பில் அப்படி ஒரு வரிசை கிடையாது. அரசு விழாக்களில் யாருக்கு முன் யார் என்று சொல்லும் அரசின் முன்னுரிமைப் பட்டியலிலும் கேபினட் அமைச்சர்கள் எல்லோருக்கும் ஒரே இடம், 7. அதனால் தலைப்பை 'பதவியேற்பு வரிசை' என்று மாற்றிவிடுங்கள். அகரவரிசையில் மட்டும் அடுக்க வேண்டாம், அந்தத் தகவலே தொலைந்துபோகும்.