கடலையைக் கண்டு பயம் வேண்டாம், முழுப் பருப்பைக் கண்டு பயப்படுங்கள்

ஏழு மாதப் பையனுக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உட்காருகிறான், கூழ் சாப்பிடுகிறான். தாராளமாகக் கடலை கொடுங்கள் அம்மா. செல்போனில் கடலை ஒவ்வாமையால் முகம் வீங்கிய குழந்தையைப் பார்த்துவிட்டு மூன்று வயது வரை தள்ளிப்போட நினைப்பதுதான் தவறு. 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில் இருந்த 640 குழந்தைகளும் கடுமையான கரப்பானோ (எக்ஸிமா என்னும் அரிக்கும் தோல் நோய்) முட்டை ஒவ்வாமையோ உள்ளவர்கள். அவர்களில் 11 மாதத்துக்குள் கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவு. அப்படிக் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். உங்கள் பையனுக்கு இருப்பது வெறும் வியர்க்குரு.

ஆனால் மாமியார் திரித்து வைத்திருக்கும் சத்துமாவில் தொடங்காதீர்கள். பதினைந்து சாமான் போட்ட மாவில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடலையை வறுத்து, தோல் நீக்கி, விழுதாக அரைத்து, கூழில் நீர்க்கக் கரைத்துக் கரண்டி நுனியில் கொடுங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மிச்சம். காலை வேளை நல்லது. ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று நாள் விடாமல் கொடுங்கள். முந்திரி, பாதாம் அப்புறம் ஒவ்வொன்றாக.

முன்கூட்டியே கொடுக்க வாங்கிய அலர்ஜி சிரப்பைத் தொடவே வேண்டாம். அது முதல் அறிகுறியை மறைக்கும், மூச்சுத் திணறலைத் தடுக்காது. ரசம் சோறு பட்டு வாயோரம் சிவப்பதும், பித்தம் என்ற பேச்சும் கவலைப்படும் விஷயமல்ல. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இழுப்பு, கரகரத்த அழுகை, துவண்டு போவது, தடிப்போடு அடுத்தடுத்து வாந்தி என்றால் உடனே 108.

எனக்கு உண்மையான கவலை, ஒரத்தநாட்டு வீட்டுத் திண்ணையில் கடலை ஆய்கிறோம் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான். மூன்று வயது அக்கா பாசமாகத் தம்பி வாயில் ஒரு பருப்பைப் போடுவாள். ஐந்து வயது வரை முழுப் பருப்பும் ஆகாது, உடைத்ததும் ஆகாது. அரைப் பருப்பே மூச்சுக்குழாயை அடைத்துவிடும். புரையேறி இருமி, நீலம் பாரித்து, பிறகு குழந்தை விளையாடப் போய்விடும். “இறங்கிவிட்டது” என்று எல்லோரும் நிம்மதியாவார்கள். பருப்போ நுரையீரலுக்குள் ஊறிக்கொண்டிருக்கும். சில நாளில் காய்ச்சல், ஒரு பக்க இழுப்பு. சளி மருந்து வாங்கிக் கொடுத்தே வாரங்களைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் புரையேறினால் அன்றைக்கே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் படம் நார்மல் என்றாலும் “கடலை சாப்பிடும்போது புரையேறியது” என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.