மினமாட்டா நாவல் ஏன் இப்படித் திணறடிக்கிறது?

ஜப்பானின் மினமாட்டா ஊரைத் தாக்கிய பாதரச நச்சு நோயைப் பற்றி எழுத்தாளர் இசிமுரே மிச்சிகோ எழுதிய ‘குகாய் ஜோடோ’வைப் பாதியில் மூடிவிட்டேன், இதை எப்படித்தான் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதை தேடாதீர்கள், கிடைக்காது. 1969இல் ஜப்பானில் வந்த இந்தப் புத்தகத்தில் ஒரு மீனவப் பெண் தன் வட்டார வழக்கில் கடலையும் படகையும் பற்றிப் பேசிக்கொண்டே போவார், திடீரென்று மருத்துவ அறிக்கை குறுக்கே வந்து நிற்கும், அதில் அவர் வெறும் நோயாளி. அந்த இடறல்தான் விஷயமே. அந்த ஊரின் சிசோ வேதிப்பொருள் ஆலை 1932 முதல் 1968 வரை கடலில் விட்ட கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் மூளைக்குப் போனது. 1956இலேயே நோய் வெளியே தெரிந்தும் கழிவு நிற்க இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. இதை ஒழுங்கான கதையாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பொய்யாகப் பட்டிருக்கும்.

அப்புறம், அந்தப் பேச்சுகள் ஒலிப்பதிவு அல்ல, பெரும்பாலும் இசிமுரே புனைந்தவை. சிலருக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, நோய் பேச்சையே பறித்துக்கொண்டவர்களுக்காக யாராவது பேசித்தானே ஆக வேண்டும்.

அறிக்கைகள் வறட்சியாக இருக்கின்றன என்று தாண்டிவிடாதீர்கள். பேச்சு வரும் இடங்களை வாய்விட்டுப் படியுங்கள், நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.