எபேனில் பெரிய நிறுவனம்: போகலாமா?

நண்பரே, நம் மொரீஷியஸில், ரோஸ் ஹில் நகரில் ஆறு ஆண்டுகளாகப் பார்க்கும் சிறிய கணக்கர் அலுவலக வேலையை விட்டுவிட்டு, எபேனில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஓரிடத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவன் நான்.

டிசம்பர் போனஸை ஒரு காரணமாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சிறிய முதலாளியும் சட்டப்படி தந்தாக வேண்டும். எனவே அது கணக்கில் சேராது. பணிக்கொடை போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் கொண்டுவந்த நிதியில் முதலாளி கட்டும் பணம், வேலை மாறினாலும் உங்கள் பெயரிலேயே தொடரும். ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்று மட்டும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது பயிற்சி. அங்கே கற்றதுதான் இன்றுவரை சோறு போடுகிறது. மருத்துவக் காப்பீடும் இருந்தது. அம்மாவின் அறுவைச் சிகிச்சையின்போது அதன் அருமை தெரிந்தது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பிரான்சில் இருந்தார்கள். தைப்பூசக் காவடி இங்கே பொது விடுமுறை, அங்கே இல்லை. ஒரு வருடம் பத்து நாள் விரதமிருந்து, காவடிக்குப் பூக்கூட வாங்கி வைத்துவிட்டேன். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குக் கணினியில் வந்தது: "விடுப்பு நிராகரிக்கப்பட்டது". யார் நிராகரித்தார் என்று கேட்கக்கூட ஆளில்லை. இரட்டைச் சம்பளம் தந்தார்கள், மனம் ஆறவில்லை.

ஆகவே கையெழுத்திடுமுன், எந்த நாட்டு விடுமுறைப் பட்டியல் என்று எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் போங்கள்.