ஷீட் காயவில்லையா? முதலில் ஆசிட் கேனைப் பாருங்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் ரப்பர். ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட்டாக்க ஊற்றும் பார்மிக் ஆசிட் விலை ஏறியதால், கடைக்காரர் கொடுத்த மலிவான ஆசிட்டுக்கு மாறியிருக்கிறார். "இது வீரியம் கூட, கொஞ்சம் ஊற்றினாலே போதும்" என்றாராம். இப்போது புகைப்புரையில் (ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறையில்) பத்து நாள் கிடந்தும் ஷீட்டின் நடுவில் ஈரத்தால் வரும் வெள்ளை போகவில்லை, வியாபாரி கிரேடைக் குறைக்கிறார். ஆசிட்தான் காரணமா, பார்மிக் ஏன் இந்த விலை விற்கிறது?

ஆசிட்தான் காரணமாக இருக்கும். "வீரியம் கூட" என்று மலிவாகக் கொடுத்தால் அது அநேகமாகக் கந்தக அமிலம், பேட்டரியில் ஊற்றுகிற அதே சரக்கு. பாலை அதுவும் உறைய வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பார்மிக் காயும்போது ஆவியாகிப் போய்விடும், கந்தக அமிலம் போகாது, ஷீட்டுக்குள்ளேயே தங்கி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நாள்பட ரப்பரையும் ரோலரையும் அரிக்கும்.

விலைக்கு வருவோம். மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து, கிடைப்பதைத் தண்ணீரால் பிரித்துத்தான் பெரிய ஆலைகள் பார்மிக் எடுக்கின்றன. நம் நாட்டில் குஜராத்தின் பரூச்சில் ஜிஎன்எஃப்சி என்ற உர, ரசாயன நிறுவனம் தயாரிக்கிறது. மெத்தனாலில் பெரும்பகுதி இறக்குமதி, அதன் விலை அசைந்தால் இதுவும் அசையும். வாங்க வரிசையில் நிற்பவர்களும் அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டும், ஐரோப்பாவில் மாட்டுத்தீவனம் கெடாமல் இருக்க வேண்டும். தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் சேர்ப்பதை அங்கே 2006-இல் தடை செய்த பிறகு இதன் தேவை இன்னும் கூடியது. இரண்டு ஏக்கர்காரரை நினைத்து யாரும் விலை வைப்பதில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த ரப்பருக்கு 85 சதவீத பார்மிக் சுமார் 4 மில்லி போதும், அதாவது ஒரு லிட்டர் 250 கிலோ ஷீட்டுக்கு வரும். லிட்டருக்கு 100 ரூபாய் மிச்சம் பிடித்தாலும் கிலோவுக்கு 40 காசுதான். கிரேடு குறைந்தால் போவது இதைவிடப் பல மடங்கு.

அப்புறம், பார்மிக் என்று எழுதிய கேனையும் நம்பிவிடாதீர்கள். மொத்தக் கடைக்கு 35 கிலோ கேனாக வருவதை உடைத்து, தண்ணீர் கலந்து, சில்லறையில் லிட்டர் கணக்கில் விற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல 85 சதவீதச் சரக்கு ஒரு லிட்டர் 1.2 கிலோ இருக்கும், பாதிக்குப் பாதி தண்ணீர் என்றால் 1.1 கிலோதான். பாட்டில் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எடையைச் சரிக்கட்டக் கந்தக அமிலம் சேர்த்திருந்தால் அதற்கும் வழி உண்டு. பத்து ஸ்பூன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆசிட்டை ஊற்றுங்கள் (ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது), வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் சூடான தகரத்தின் மேல் காட்டுங்கள். பார்மிக் என்றால் ஆவியாகிவிடும், கந்தக அமிலம் இருந்தால் சொட்டு விழுந்த இடம் மட்டும் கருகும். இதைச் சோதித்துச் சொல்ல ஊருக்கு ஊர் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். இல்லை, விவசாயியே தகரத்தைச் சூடாக்க வேண்டியிருக்கிறது! பில் இல்லாமல் வாங்கியிருந்தால் சண்டை போடவும் வழியில்லை. பக்கத்தில் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் இருந்தால் நாலு பேர் சேர்ந்து சீல் உடைக்காத கேனாக வாங்குங்கள்.

ஒரே ஒரு இடத்தில் ஆசிட்டைக் குறை சொல்லக் கூடாது. மழைநாளில் பால் சிரட்டையிலேயே திரிந்துவிடக் கூடாது என்று அம்மோனியா சேர்க்கிறீர்கள் அல்லவா, அது முதலில் ஆசிட்டைத் தின்றுவிடும். ஒரு கிராம் அம்மோனியா சுமார் 2.7 மில்லி பார்மிக்கைக் காலி செய்யும், மீதிதான் பாலை உறைய வைக்கும். அன்றைக்கு உறையவில்லை என்றால் சரக்கு மட்டம் என்று நினைத்து வீரியமான ஆசிட்டுக்கு ஓடாதீர்கள், அம்மோனியா எவ்வளவு போட்டோம் என்று பார்த்து அதற்கேற்ப ஆசிட்டைக் கூட்டுங்கள். பலர் கந்தக அமிலத்துக்கு மாறியதே இப்படி ஒரு மழைநாளில்தான்.

உங்களிடம் மீதி இருக்கும் கேனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். கிணற்றோரத்திலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம், குளிர்பான பாட்டிலில் பிடித்து வைக்கவே வேண்டாம்.