மணலுக்குள் மறைந்த கோரிஸ் மீன்

வணக்கம். 200 லிட்டர் தொட்டியில் நேற்று விட்ட, செம்மஞ்சள் உடலில் கருவிளிம்புடைய வெண்திட்டுகள் கொண்ட கோரிஸ் கைமார்ட் என்ற கடல்மீனின் குஞ்சு காணாமற்போனதாக எழுதியிருந்தீர்கள். இறந்துவிட்டதென முடிவுகட்டி அடித்தளத்தைக் கிளற வேண்டாம். இரவிலும் அச்சத்திலும் மணலுக்குள் புதைந்துகொள்வது இவ்வினத்தின் இயல்பு என்பதால், புதிய இடத்தில் அது சில நாட்கள்கூட வெளிவராமல் இருக்கலாம். ஆயினும் நீங்கள் பரப்பியுள்ள பவளச் சரளை அதன் உடலைக் கீறிவிடும். எனவே 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரமொன்றில் நுண்மணல் நிரப்பி உள்ளே வையுங்கள். துள்ளி வெளியே விழாதபடி தொட்டியை வலையால் மூடுங்கள்.

இவை தற்காலிக ஏற்பாடுகளே. குஞ்சின் அழகில் ஏமாறாதவர் குறைவு (நானும் விதிவிலக்கல்ல), ஆனால் 40 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய இம்மீன் வளர வளர நிறம் மாறுவதோடு, நீங்கள் வளர்க்கும் நத்தைகளையும் இறால்களையும் சங்கில் வாழும் நண்டுகளையும் இரையாக்கிக்கொள்ளும். மிகப் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் அதை ஒப்படைப்பதையே பரிந்துரைக்கிறேன்.