சிசிஐஇ லேப் தேர்வுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் நெட்வொர்க் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். வயது 29. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வீட்டுச் செலவு 34,000, எஸ்ஐபி 5,000. எஃப்.டி.யில் 2.4 லட்சம் இருக்கிறது. நெட்வொர்க் துறையின் உயர்நிலைச் சான்றிதழான சிஸ்கோவின் சிசிஐஇ என்டர்பிரைஸ் முடிக்க வேண்டும். பூட்கேம்ப் எனும் தீவிரப் பயிற்சி வகுப்புக்கு 1.2 லட்சம் கேட்கிறார்கள். தேர்வுக் கட்டணமும் சேர்த்தால் 3 லட்சம் ஆகிறது. பெர்சனல் லோன் 14 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். மனைவியோ தன் நகையை அடகு வைக்கச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். சிசிஐஇ நல்ல லட்சியம்தான், விட்டுவிடாதீர்கள். ஆனால் கடனோடு அதன் லேப் எனும் செய்முறைத் தேர்வுக்குள் போகாதீர்கள்.

3 லட்சத்துக்கு மூன்று வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய். வட்டி மட்டும் 69,000 வரை போகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தவணை ஓட ஆரம்பித்துவிட்டால், "சீக்கிரம் முடித்துவிட்டால் சம்பளம் ஏறும்" என்ற அவசரத்தில் தயாராகும் முன்பே தேதி போட்டுவிடுவீர்கள். லேப் 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன், மீதி 5 மணி நேரம் கட்டமைப்பதும் கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்வதும். அவசரப்பட்டவரை அது திருப்பி அனுப்பிவிடும். திரும்ப எழுத முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும்.

உங்கள் 3 லட்சக் கணக்கில் இந்த இரண்டாவது முயற்சிதான் விட்டுப்போயிருக்கிறது. லேப் கட்டணம் 1,600 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 1,44,000. முதல் முறையிலேயே தேறுபவர்கள் குறைவு என்பதால் இரண்டு முறைக்கு, அதாவது 2,88,000 ரூபாய்க்குத் திட்டமிடுங்கள். பெங்களூருவில் லேப் இருப்பது நமக்கு நல்ல வசதி. ரயில் டிக்கெட்டும் இரண்டு இரவுத் தங்கலும் போதும். கார்டில் கட்டினால் அந்நியச் செலாவணிக்கென்று தனியாகப் பிடிப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பணத்துக்கு என்ன வழி? ஆறு மாத வீட்டுச் செலவு 2,04,000. எஃப்.டி.யில் அந்த அளவைத் தொடக்கூடாது. மீதி 36,000, லேபுக்கு முன் எழுத வேண்டிய என்கோர் தேர்வின் 400 டாலருக்குச் சரியாக இருக்கும். அந்தக் கட்டணத்தின் மீதான வரியை அந்த மாதச் சம்பளத்திலிருந்து கட்டிவிடலாம். அப்புறம், மாதம் மிஞ்சும் 13,000 ரூபாயை ஆர்.டி.யில் போடுங்கள். 22 மாதத்தில் அசல் மட்டும் 2,86,000 சேரும். வட்டி பயணச் செலவுக்கு உதவும். எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். என்கோர் தேர்ச்சி மூன்று வருடம் செல்லும் என்பதால் இந்தக் காலம் தாங்கும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இதைவிடக் குறைந்த காலம் போதும் என்றும் நான் நினைக்கவில்லை.

நடுவில் எனார்சி (ENARSI) தேர்வையும் எழுதிவிட்டால், சிசிஐஇக்கு ஒரு படி கீழே உள்ள சிசிஎன்பி சான்றிதழ் கிடைத்துவிடும். அதற்கு இன்னொரு 300 டாலர் ஆகும், ஆர்.டி.யும் இரண்டு மாதம் நீளும். ஆனாலும் வேலை மாற அதுவே கை கொடுக்கலாம். அதில் ஏறும் சம்பளத்தையும் ஆர்.டி.யில் சேர்த்தால் லேப் தேதி முன்னால் வரும்.

பூட்கேம்ப்பை இப்போது விட்டுவிடுங்கள். லேபில் தேற வைப்பது கை பழகிய பழக்கம்தான். கேபிள் கழன்றால் ஓஎஸ்பிஎஃப் என்ன செய்யும், பிஜிபி எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் (இரண்டும் ரவுட்டர்கள் பாதை தேடும் விதிமுறைகள்) என்பதையெல்லாம் நூறு தடவை நீங்களே உடைத்து, நீங்களே சரிசெய்து பார்க்க வேண்டும். கணினியிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பழக உதவும் ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ரவுட்டர் மென்பொருளுக்கு உரிமம் வேண்டும். அதனால் சிஸ்கோவின் இதே மாதிரியான சிஎம்எல் பெர்சனலுக்கு வருடம் 199 டாலர் கொடுப்பது நியாயமான செலவு. மென்பொருளும் அதிலேயே வந்துவிடும். உங்கள் லேப்டாப் தாங்காவிட்டால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரேம் அதிகமுள்ள பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றைத் தேடுங்கள். இவற்றுக்கு வருட போனஸை ஒதுக்குங்கள். பாஸ் கியாரண்டி என்று வாட்ஸ்அப்பில் டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) விற்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள்.

இந்த வாரமே உங்கள் ஹெச்ஆரிடம் ஒன்று கேளுங்கள்: சான்றிதழ் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறதா? இருந்தால், தேறிய பிறகுதான் தருவார்களா, அதற்காக எத்தனை மாதம் வேலையில் இருக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.