வலிப்பு இல்லை, குட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள்

கேள்வி: கொடைக்கானல் மலையில் பூம்பாறையில் இருக்கிறோம். வீட்டில் ஏழு மாத ஆண் முயல் ஒன்று இருக்கிறது. மார்கழிக் குளிரில் தனியாக நடுங்குகிறதே என்று பிள்ளைகள் அழுததால், ஆறு மாதப் பெண் முயல் ஒன்றையும் வாங்கினோம். இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகவில்லை. போன ஞாயிறு, பழகட்டுமே என்று ஐந்து நிமிடம் வராந்தாவில் சேர்த்து விட்டோம். ஆண் துரத்தியது, மேலே ஏறியது, திடீரென்று ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டில் விழுந்தது. உடனே எழுந்தும் விட்டது. வலிப்பாக இருக்குமோ? இரண்டையும் ஒரே கூண்டில் விடலாமா?

பதில்: வலிப்பெல்லாம் இல்லை, சகோதரி. இணைசேர்ந்து முடித்த ஆண் முயல் அப்படித்தான் சாய்ந்து விழும். அதற்குச் சில நொடிகளே போதும், நீங்கள் கொடுத்த ஐந்து நிமிடம் தாராளம். பெண் முயலிடம் தேதி பார்த்துத் தப்பிக்கவும் முடியாது. இணைசேர்ந்த பிறகுதான், சுமார் 10 மணி நேரத்தில், அதற்குக் கருமுட்டையே வெளிவருகிறது. ஆகவே குட்டி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சுமார் 31 நாள் கணக்கு, ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். 16, 17ஆம் நாளிலேயே மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டினால் அது பெரும்பாலும் பொய்ச்சினை, அதாவது வயிற்றில் குட்டி இல்லாமலே சினை போலக் காட்டுவது. இல்லையென்றால் 28ஆம் நாள் ஒரு மரப்பெட்டியில் உலர்ந்த வைக்கோல் போட்டுக் கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். பிரசவம் நெருங்கும்போது தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி அதில் மெத்தை போடும். குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். வழிதவறி வெளியே விழுந்த குட்டியைத் தாய் தூக்கிவராது, உங்கள் ஊர்க் குளிரில் அது விறைத்துவிடும். அதனால் பெட்டியின் விளிம்பு கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், காலையும் மாலையும் ஒரு பார்வை பாருங்கள். தாய் ஒரு நாளில் ஓரிரு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். கவனிக்கவே மாட்டேன் என்கிறதே என்று பதறி மாட்டுப்பாலைப் புகட்டிவிடாதீர்கள். குட்டிகளின் வயிறு நிறைந்து உருண்டையாக இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரே கூண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடி சினையாகிவிடும். நடுவில் ஒற்றைக் கம்பி வலை அடித்துப் பிரிப்பதும் போதாது, வலைக்கு அந்தப் பக்கம் இருந்தே காரியத்தை முடித்துவிடும் ஆண்கள் உண்டு. இரண்டு வலைக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முகர்ந்து பழக அது போதும்.

குளிருக்குத் துணை என்கிறீர்கள். வளர்ந்த முயலுக்கு ஆகாதது வெயில்தான், 30 டிகிரியைத் தாண்டினால் திணறிப்போகும். உங்களுக்கு அப்பால் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையத்திலேயே முயல் பண்ணை நடக்கிறது, குளிர் எதிரியாக இருந்தால் அங்கே எப்படி நடத்துவார்கள்? மலையில் பயப்பட வேண்டியது ஈரத்துக்கும் ஊதல் காற்றுக்கும். கூண்டின் மூன்று பக்கம் சாக்கு கட்டி, அடியில் வைக்கோலைத் தடிமனாகப் போட்டால் தனி முயல் நிம்மதியாகத் தூங்கும்.

இனி ஆபரேஷன். ஆணுக்கு இப்போதே செய்யலாம், அது சின்ன வேலை. ஆனால் செய்த மறுநாளே சேர்த்துவிடாதீர்கள், உடலில் மிச்சமிருக்கும் விந்தால் ஆறு வாரம் வரைகூடச் சினையாக்க முடியும். பெண்ணுக்குக் குட்டிகள் பால்குடி மறந்த பிறகு செய்யலாம். செலவைப் பார்த்து ஆணோடு நிறுத்திவிடலாமா என்று கேட்பீர்கள். குட்டி நிற்கும், ஆனால் பெண்ணின் முரட்டுத்தனமும் பொய்ச்சினையும் நிற்காது. ஆபரேஷன் ஆகாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது. எனக்கென்னவோ, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் ஆணுக்கு, சேர்த்து வைத்துப் பெண்ணுக்கும் செய்துவிடுவதே நல்லது என்று படுகிறது.

திண்டுக்கலோ மதுரையோ இறங்கும் முன் டாக்டரிடம் போனில் ஒன்று கேளுங்கள்: "முந்தின ராத்திரி பட்டினி போடணுமா?" போடச் சொன்னால் வேறு டாக்டரைத் தேடுங்கள். மயக்கத்தில் வாந்தி வரக்கூடாது என்றுதான் பட்டினி போடுவது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, பட்டினி கிடந்தால் குடல் இயக்கம்தான் நின்றுபோகும். முயலைப் பார்த்துப் பழகியவருக்கு இது தெரியும்.

எல்லாம் ஆறிய பிறகு, இரண்டும் இதுவரை மிதிக்காத ஓர் அறையில் கொஞ்ச நேரம் சேர்த்து விட்டுப் பாருங்கள். கையில் தடிமனான துண்டு ஒன்று இருக்கட்டும். துரத்துவதும் மேலே ஏறுவதும் சகஜம். கட்டிப் புரண்டு கடித்தால் துண்டைப் போட்டுப் பிரித்துவிட்டு, மறுநாள் பாருங்கள். கடைசிவரை ஒத்துப்போகாத ஜோடிகளும் உண்டு, அவற்றைப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டிலேயே வைத்துவிட வேண்டியதுதான்.